அரைத்தீனிக் கூண்டு

செப்டம்பர் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். நான்காவது முறை சரியாக வரும் என்றும் நிச்சயமில்லை. மாமனார் மருமகனுக்கு எழுதக்கூடிய விஷயமல்ல இது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் வார்டன் தோளருகிலேயே நிற்பார், போனில் எதையும் பேச முடியாது என்று பாப்பா சொன்னாள். தபாலை அங்கே யாரும் பிரிப்பதில்லை என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

ஜூலையில் நீங்கள் விடுப்பில் வந்திருந்தபோது பரிசோதனை நிலையத்தில் கொடுத்த தாளை, நீங்கள் திரும்பிப் போன பிறகு பாப்பா என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகும் வழியில் வந்தாள். கொடுத்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. மருந்து ஏதாவது பார்க்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் மேல் கோபப்பட வேண்டாம். அப்பன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கொடுத்திருப்பாள்.

ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் எலிகளுக்குத் தீனி வைத்ததும், கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் இதே ஆண் உயிரணுக்களை எண்ணியதும்தான் என் வேலை. எனவே உங்கள் தாளை என்னால் படிக்க முடிந்தது. ஒரு மில்லியில் நாற்பது லட்சம். ஒன்றரைக் கோடியாவது இருக்க வேண்டும். குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. இந்த வேறுபாடு பெரியது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

இத்துடன் இரண்டு பாட்டில் இலைப்பொடி மாத்திரை அனுப்பியிருக்கிறேன். அட்டைப்பெட்டியில் ஒரு வரைபடம் இருக்கும், ஒரு தூண் குட்டை, ஒரு தூண் நெட்டை. அது எங்கள் கூடத்தில் எடுத்த கணக்கு. பாதி வயிற்றில் வளர்ந்த எலிகளுக்கு இந்த இலையைக் கொடுத்தபோது எண்ணிக்கை இரண்டு மடங்காயிற்று. எங்கள் டாக்டரம்மாவின் ஆய்வு; எண்ணியவன் நான். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. உயிரணு உருவாகி முதிர எழுபத்தைந்து நாள் போல ஆகும். அதன் பிறகு மீண்டும் பரிசோதித்தால் போதும்.

உங்கள் அம்மாவிடம் நான் எதுவும் பேசவில்லை. பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டேன். இப்படி எழுதியதில் மரியாதைக் குறைவு ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் மாமனார்


செப்டம்பர் 27

மாமா,

பாட்டில்கள் உடையாமல் வந்தன. பதில் தாமதமானதற்குக் காரணம் தபால் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. அவள் அந்தத் தாளை உங்களிடம் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நேராகவே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதுதான் குறுக்கே நிற்கும்.

எட்டுப் பேர் இருக்கும் அறையில் எதை மறைப்பது? முதல் நாளே மாத்திரையைப் பார்த்துவிட்டார்கள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னடா இது, குளிருக்கா?" என்றான். உடம்புக்கு என்றேன். "எந்த உடம்புக்கு?" என்றான். அன்றிலிருந்து எனக்கு 'மூலிகை' என்று பெயர். மேஸ்திரிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நல்லவேளை, அட்டைப்பெட்டியை முன்னாலேயே கிழித்துப் போட்டிருந்தேன்.

சாப்பாடு எப்படி என்று போனில் கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் இந்த வேலையில் இருந்தவர் என்பதால் உண்மையைச் சொல்கிறேன். கேன்டீன் மூடி ஒன்றரை வருடமாகிறது. மதியம் ஒரு டப்பாவில் சோறும் தண்ணீராக ஒரு குழம்பும் வரும். குளிர்கிடங்கில் இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே. டப்பா வரும்போது நான் உள்ளே இருந்தால், வெளியே வந்து பார்க்கையில் அது கல்லாகியிருக்கும். பெரும்பாலும் ரொட்டியும் பாலில்லாத கட்டன் டீயும்தான். அறையில் சமைக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், எங்களைச் சுற்றிக் கூரை வரைக்கும் பட்டாணியும் கோழியும் மீனும் அடுக்கியிருக்கிறது. நாளெல்லாம் அதைத் தூக்கி வைப்பதுதான் எங்கள் வேலை. ஒரு பெட்டி பிரிந்தாலும் கேமரா பார்த்துவிடும்.

வார விடுமுறையில் நாலு கிலோமீட்டர் நடந்து முட்டையும் பழமும் வாங்கி வருவேன். இப்போது நிறுத்திவிட்டேன். பாட்டிலில் 'முழுமையான ஊட்டம்' என்று போட்டிருக்கிறதே. நீங்களும் சொல்லிவிட்டீர்கள். அந்த நேரத்துக்குத் தூங்குகிறேன்.

விட்டுவிட்டு வந்துவிடலாமே என்று அவள் ஒருமுறை கேட்டாள். ஜூனில் ஒப்பந்தம் முடியும் வரை எங்கள் சான்றிதழ்கள் அலுவலக பீரோவில் இருக்கும். போன மாதம் ஒருவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டான். "ஜூன் முடியட்டும்" என்றார்கள். அவன் இப்போதும் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். அப்பா போன பிறகு நான்தான் அவளுக்கு எல்லாம். குறை என்னிடம் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். அம்மா உங்கள் மகளை எந்தெந்த டாக்டரிடமோ கூட்டிப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மகளுக்குப் பொறுமை அதிகம். கொஞ்ச நாள்தானே. எழுபத்தைந்து நாள் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

மருமகன்


அக்டோபர் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் ஏழாம் தேதி வந்தது. நீங்கள் ஒரு நாளில் சாப்பிடுவதாக எழுதியிருந்ததை ஒரு தாளில் குறித்துக் கூட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம், தப்பாக எண்ண வேண்டாம். உங்கள் உயரத்துக்கும் வேலைக்கும் வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல். குளிரில் உடம்பு கூடுதலாகக் கேட்கும், அதை நான் சேர்க்கவில்லை. எங்கள் கூடத்தில் இதற்கு அரைத்தீனி என்று பெயர். கூண்டின் மேல் அப்படியே சீட்டு எழுதி ஒட்டுவோம்.

எனவே உங்களை வேண்டிக் கேட்பது, முட்டை வாங்கப் போவதை நிறுத்த வேண்டாம். வறுத்த கடலை, பயறு, பால், எது கிடைத்தாலும் சரி. தூக்கத்தைவிட அந்த நாலு கிலோமீட்டர் முக்கியம். மாத்திரையும் இருக்கட்டும். ஆனால் மாத்திரையை மட்டும் நம்பி

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அடித்துவிட்டால் என்னவோ ஏதோ என்று நினைப்பீர்கள், ஆகவே அப்படியே விட்டுவிடுகிறேன். சாப்பாடு முக்கியம் என்பதுதான் சொல்ல வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பந்தியம்மா நன்றாகக் கவனித்தார்கள். எதிர்வீட்டு அம்மாளும் வந்திருந்தார். பாப்பா டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் கையில் ஊசி போட்ட இடம் நீலமாக இருந்தது. சம்பந்தியம்மா அந்த அம்மாளிடம், "என் பையன் சிங்கம் மாதிரி இருக்கான். அவன் பக்கம் என்ன இருக்கப்போகுது? இவளுக்குத்தான் உள்ள ஏதோ அடைப்பாம். பாத்துட்டுதான் இருக்கோம்" என்றார்கள். சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்ததை வைத்துப் பேசுகிறார்கள், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாப்பா என்னைப் பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அது மனத்தை அறுக்கிறது. அவளுக்குப் பொறுமை அதிகம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் எனக்குத் தோன்றுவதெல்லாம் சரியாக இருந்ததில்லை.

சம்பந்தியம்மாவிடம் நீங்களே பக்குவமாக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று யோசிக்கவும். வற்புறுத்தவில்லை.

உங்கள் மாமனார்


டிசம்பர் 6

மாமா,

எழுபத்தைந்து நாள் முடிந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துவிட்டு வந்தேன். ஒரு மில்லியில் முப்பத்தைந்து லட்சம். அறையில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தாளை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

கூடவில்லை. குறைந்திருக்கிறது. உங்கள் எலிகளுக்கு மட்டும்தான் இரண்டு மடங்காகுமா? நான் என்ன எலியைவிட மோசமா? அறையில் 'மூலிகை மூலிகை' என்று கூப்பிடும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தேன், உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்ததால். இப்போது அந்தக் கணக்கும் இல்லை.

நீங்கள் சாப்பாட்டைப் பற்றி எழுதியது வந்தது. ஒரு வாரம் முட்டை வாங்கப் போனேன். பிறகு மழை, பிறகு இரண்டு விடுமுறையை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். மாத்திரைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். உங்கள் கடிதத்திலும் ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. என்ன சொல்ல வந்தீர்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படியுங்கள்.

அம்மா போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விஷயம் சொன்னாள். உங்கள் மகளை ஜனவரி ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்களாம். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சின்னத் துளை போட்டு, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்ப்பார்களாம். தேதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. "உன் பொண்டாட்டி முரண்டு பிடிக்கிறா, நீ சொல்லு" என்றாள். வார்டன் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் ஆறு பேர். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "சரிம்மா" என்று வந்தது.

மூன்று நாளாக யோசித்துப் பார்த்தேன். இது பெரிய ஆபரேஷன் இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார்கள். உள்ளே எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டால் அம்மா வாயடைத்துப் போவாள். உங்கள் மகள் மேல் இருக்கும் பழியும் போய்விடும். என் பேரும் வராது. ஜூனில் நான் வந்ததும் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். அப்பா சொன்னால் மறுக்க மாட்டாள். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக் கேட்க எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மருமகன்


டிசம்பர் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் போய்விடலாம். நான் பாப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். குறை எங்கே என்று தெரிந்த பிறகும் அவள் உடம்பில் துளை போட அப்பனே போய்ச் சொல்ல முடியாது.

உங்களைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம். இருபத்திரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

அட்டைப்பெட்டியில் இருக்கும் அந்த ஆய்வில் இருபத்துநான்கு எலிகள். எல்லாவற்றையும் எட்டு வாரம் அரைத்தீனியில் வைத்தோம். பிறகு இரண்டாகப் பிரித்தோம். பன்னிரண்டுக்கு அதே அரைத்தீனி மட்டும். மற்றப் பன்னிரண்டுக்கு அரைத்தீனியோடு இலைப்பொடி. தீனி வைப்பது நான். வேறு யாரும் அந்த அறைக்கு வர மாட்டார்கள்.

இலைப்பொடி படுகசப்பு. எலிகள் அதை முகர்ந்துவிட்டுக் காலால் தள்ளிவிட்டன. முதல் மூன்று நாளும் கிண்ணத்தில் வைத்தது அப்படியே இருந்தது. டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேலையில் குறை வைக்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். வீட்டில் குழந்தைக்குக் கசப்பு மருந்தை எப்படிக் கொடுப்போமோ அப்படி ஒரு வழி செய்தேன். வறுத்த நிலக்கடலையை இடித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பொடியை உள்ளே வைத்துக் கோலிக்குண்டு அளவு உருண்டை பிடித்தேன். கூண்டைத் திறப்பதற்குள் வந்து கையில் ஏறின. ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பதிவேட்டில் 'இலைப்பொடி முழுவதும் உண்டது' என்று எழுதினேன். அது பொய்யில்லை. கடலை ஒரு விஷயமாக எனக்குத் தோன்றவேயில்லை. மருந்து கொடுக்கும் கரண்டியை யார் பதிவேட்டில் எழுதுகிறார்கள்?

பத்து வாரம் தினமும் உருண்டை கொடுத்தேன். பக்கத்துக் கூண்டில் இருந்தவற்றுக்கு உருண்டை இல்லை, ஏனென்றால் அவற்றுக்கு மருந்து இல்லை. அவை கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

எண்ணிக்கை இரண்டு மடங்கு வந்தபோது டாக்டரம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். "வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். "இல்லம்மா" என்றேன். அந்தக் கணத்தில் எனக்குக் கடலை நினைவுக்கு வரவில்லை என்று என்னை நானே பல வருடம் நம்பவைத்திருக்கிறேன். வந்தது. சொல்லிவிட்டுத்தான் நினைவுக்கு வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் எனக்கு நிச்சயமில்லை. கட்டுரை அச்சான பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உருண்டையோடு சேர்த்தால் அந்தப் பன்னிரண்டும் முக்கால் தீனிக்கும் மேல் தின்றிருக்கின்றன. எடை கூடியிருக்கிறது. அவை தேறியது இலையால்தான் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டதால் தேறியிருக்கலாம். இலையும் கொஞ்சம் செய்திருக்கலாம். இரண்டையும் பிரிக்க வழியில்லாமல் நான் செய்துவிட்டேன்.

பிறகு மாத்திரைக் கம்பெனி வந்தது, பெட்டியில் தூண்கள் வந்தன. வருடப் பிறப்புக்குக் கம்பெனியிலிருந்து எனக்கு இரண்டு பாட்டில் வரும். அதைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். நம்பி அனுப்பினேனா என்றால், பாதி நம்பினேன். ஏதாவது செய்ததுபோல் இருக்க வேண்டியிருந்தது. நீங்கள் அதை நம்பி முட்டையை நிறுத்தியதாக எழுதியபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாதி வாக்கியம் இதுதான்.

உங்களுக்கு இதில் ஒரு நல்லது இருக்கிறது என்றால் அது இவ்வளவுதான்: நீங்கள் இன்னும் அரைத்தீனியில் இருக்கிறீர்கள். உடம்பு கெட்டுப்போய்விட்டது என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. வயிறாரச் சாப்பிட்ட பிறகு எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். கூடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், உறுதி சொல்லி ஒருமுறை கெடுத்துவிட்டேன்.

நாளை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறேன். சம்பந்தியம்மாவிடம் சொல்ல வேண்டியது நீங்கள். ஒன்பதாம் தேதிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமனார்


டிசம்பர் 30

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மிச்சமிருந்த மாத்திரையை அப்படியே கழிவறையில் கொட்டினேன். உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் அன்றைக்கே ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. அதில் இருந்ததெல்லாம் திருப்பி எனக்கும் எழுதக்கூடியதாக இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட்காரனிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "கடலைய தின்ன எலி பொழச்சுக்கிச்சு, இலைய தின்ன நீ மாட்டிக்கிட்ட" என்றான். கோபம் வரவில்லை. அவன் டீக் கெட்டிலில் முட்டை வேகவைக்கத் தெரிந்தவன். வார்டன் ரவுண்டு போன பிறகு எனக்கும் இரண்டு போடுகிறான். நான்கு நாளாகிறது.

இருபத்தெட்டாம் தேதி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வார்டன் பக்கத்தில் நின்றார், வரிசை நின்றது, நிற்கட்டும் என்று விட்டேன். "அம்மா, அவகிட்ட ஒண்ணும் இல்ல. குறை என்கிட்டதான்" என்றேன். எனக்குப் பின்னால் பேச்சு நின்றுபோனது.

அம்மா அழுதாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "பொண்டாட்டிக்காகப் பழிய உன் தலைல போட்டுக்கிறியாடா? அவ அப்பனுக்கு உன் கடுதாசி வருதுன்னு தபால்காரர் சொன்னாரு, இதுக்குத்தானா?" என்றாள். பரிசோதித்தேன் அம்மா, தாள் இருக்கிறது என்றேன். எங்கே என்றாள். அது உங்களிடம் இருக்கிறது என்று சொன்னேன். "அதானே பாத்தேன்" என்றாள். பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

நேற்று, திங்கட்கிழமை முறையுள்ள ஒருவனிடம் அதைக் கேட்டு வாங்கி மறுபடி கூப்பிட்டேன். தேதியில் மாற்றமில்லையாம். நான் சொன்னது உண்மையென்றாலும் பார்த்துவிடுவதில் மருமகளுக்கு என்ன நஷ்டம், டாக்டரே சொல்லட்டுமே என்கிறாள். அவளிடம் போனைக் கொடு என்றால், குளிக்கிறாள் என்கிறாள்.

உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று நினைத்தேன். நான் இங்கே, தாள் அங்கே. ஜூன் வரை என்னால் ஊருக்கு வர முடியாது. என் அம்மாவிடம் நீங்கள் பேச வேண்டியிருப்பதற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் போங்கள். இந்தக் கடிதம் ஒன்பதாம் தேதிக்கு முன்னால் கிடைத்துவிட வேண்டும்.

மருமகன்


ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி மாலை கிடைத்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் என் பக்கத்தை நல்லதாகக் காட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

டாக்டரம்மாவை டிசம்பரிலேயே பார்த்துவிட்டேன். முழங்கால் வலியால் நாற்காலியிலேயே இருக்கிறார்கள். நான் நின்றுகொண்டே கடலை விஷயம் முழுவதையும் சொன்னேன். "எடை கூடியிருந்ததப் பாத்துட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நான் ரெண்டாந்தடவ கேக்கல பாருங்க" என்றார்கள். அதன் பிறகு என்னை உட்காரச் சொன்னார்கள். நடந்ததை நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன், இருவரும் கையெழுத்துப் போட்டுக் கட்டுரை வந்த இதழுக்கும் கம்பெனிக்கும் அனுப்பினோம். இதழிலிருந்து கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. கம்பெனியிலிருந்து பதில் இல்லை. இந்த வருடமும் இரண்டு பாட்டில் வந்தது. பெட்டியில் அதே தூண்கள்.

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆட்டோ நின்றது. பாப்பாவின் பை கூடத்தில் தயாராக இருந்தது. சம்பந்தியம்மா, "வாங்க, நீங்களும் கூட வர்றது நல்லதாப் போச்சு" என்றார்கள். வழியில் பல வாக்கியங்களைத் தயார்செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

உங்கள் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். "இதுல என் பையன் பேரு இருக்கா?" என்று கேட்டார்கள். காட்டினேன். தேதியையும் முத்திரையையும் காட்டினேன். பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்து, எண் என்றால் என்ன, எவ்வளவு இருக்க வேண்டும், நீங்கள் அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள், எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தியம்மா குறுக்கே பேசவில்லை. நீங்கள் சாப்பிடும் ரொட்டி பற்றிச் சொன்னபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார்.

கடைசியில் ஒன்று கேட்டார்கள். "இந்தக் காயிதம் அஞ்சு மாசமா உங்க வீட்டுலயா இருந்துச்சு?"

நான் ஆமாம் என்றேன். கதவருகே பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அவள் சம்பந்தியம்மாவைப் பார்க்கவில்லை.

"நான்தான் குடுத்தேன். என் வாயால சொன்னா பழிய அவர் மேல தள்ளுறேன்னு ஆகிடும். அப்பா வந்து சொல்லுவாருன்னு குடுத்தேன்" என்றாள். பிறகு என்னிடம், "மாத்திரை அனுப்பவாப்பா அத உங்ககிட்ட குடுத்தேன்?" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. அந்த ஆகஸ்ட் காலையில் அவள் உட்காராமல் நின்றதற்கு நான் உடனே அவளோடு கிளம்ப வேண்டும் என்பதுதான் அர்த்தம். நான் அவளை அனுப்பிவிட்டு அலமாரியில் பாட்டில் தேடினேன்.

ஆஸ்பத்திரிக்கு என்று கட்டிய பையை அவளே தூக்கிக்கொண்டாள். என் வீட்டுக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து வாங்கப் போனேன். தரவில்லை. கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறதாம், கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாளாம். "ரெண்டு வீட்லயும் நான் இருந்து பாத்துட்டேன்" என்றாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பதில் கடையின் பெயரைச் சொன்னாள். சம்பந்தியம்மா வாசல்வரை வந்தார்கள், கூப்பிட வாயெடுத்தார்கள், பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

நேற்றுக் கடைக்குப் போனேன். பாப்பா ஒருவருக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத்தான் வந்தாள். நீங்கள் வார்டன் எதிரில் போனில் சொன்னதை அவளிடம் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "எல்லார் முன்னாடியுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிறிது நேரம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, இனி அவளைப் பற்றி நானும் நீங்களும் எழுதிக்கொள்ளக் கூடாது என்றாள். ஆகவே இதற்குப் பதில் எழுத வேண்டாம். சொல்ல வேண்டியது இருந்தால் நீங்கள் அவளுக்கு எழுதுங்கள், கடை முகவரி உங்களுக்குத் தெரியும்.

அவள் உங்களுக்கு எழுதுவாளா என்று கேட்காமலே திரும்பிவிடப் பார்த்தேன். படியிறங்கிவிட்டு மறுபடி ஏறிப்போய்க் கேட்டேன். "தெரியலப்பா" என்றாள்.

உங்கள் மாமனார்